எண்ணெய்ப் பழி

பதினான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தை மெக்கானிக்கின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது. "மச்சானோட கையிலேருந்துதான் சார் எண்ணெய் பட்டிருக்கும்." சொன்னவன் யாரோ எவனோ இல்லை. அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. தான் குளிர் அறை மெஷின் பார்த்துவந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குள் அவனை நுழைத்துவிட்டதே மெக்கானிக்தான்.

மாப்பிள்ளைக்கு ஐஸ்காரன் என்றுதான் பேர். பதினைந்து வயதில் ஐஸ் பேக்டரியில் கட்டி இழுக்கப் போனவன். படிப்பு கிடையாது, ஆனால் தண்ணீர் அவன் பேச்சைக் கேட்கும். இரண்டு முறை காய்ச்சி, ஆறவிட்டு, அவசரமே இல்லாமல் உறைய வைப்பான். நடுவில் பால் மாதிரி வெளுத்த பாகம் ஒன்று நிற்கும். அழுக்கெல்லாம் அங்கேதான் ஒதுங்கும் என்று அதைக் கம்பியால் அறுத்து எறிவான். மிச்சத்தின் வழியாகப் பேப்பர் படிக்கலாம். அதில் வெறுங்கை படவிட மாட்டான், இடுக்கிதான். பெற்ற பெண்ணைக்கூட இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று தங்கை சொல்லிக்காட்டுவாள்.

அங்கே ஒரு டாக்டர் இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, புஸ்தகம் படித்து ஆனவர். ஐஸுக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பது அவர் வேலை. குளிர் அறைக்குள் ஐஸ் துண்டின் இரண்டு பக்கமும் தகடு. தகட்டிலிருந்து ஒயர் சுவரைத் துளைத்து வெளியே மீட்டருக்கு வரும். டாக்டர் உள்ளே போகவே மாட்டார். வெளியே கோட்டு போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பார். ஐஸ்காரனின் ஐஸுக்கு முள் அசைந்தும் அசையாமலும் கிடக்கும்.

ஒரு வாரம் அந்த முள்ளுக்குப் பேய் பிடித்தது. மூன்று நாள் ஏறியே நின்றது, நாலாம் நாள் தானாகப் படுத்துக்கொண்டது. ஐஸ் அழுக்கு என்றார் டாக்டர். எவன் அழுக்காக்கினானோ அவன் இன்றைக்கே வெளியே போக வேண்டும் என்றார். அந்த வாரம்தான் மெக்கானிக் கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டியிருந்தார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தான். பிறகு அவரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. எண்ணெயில் கரண்ட் போகாது, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் ஊற்றி வைத்திருப்பதே எண்ணெய்தான் என்று சொல்லிப் பார்த்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?" என்று கேட்டார். ஐந்தாவது. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

அதற்கப்புறம் அவர் பேர் எண்ணெய்க்கை. மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரி என்று ஒரு குளிர் அறைக்காரனும் அவரைக் கூப்பிடவில்லை. வீட்டு ஃபிரிட்ஜுகளுக்குக் கதவு ரப்பர் மாற்றிக் காலம் தள்ளினார். தங்கையும் புருஷன் பக்கம் நின்றாள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் சோப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வாள்.

மருமகள், அதாவது ஐஸ்காரனின் பெண், நன்றாகப் படித்து அதே குளிர் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐஸ்காரன் மகள் என்றதும் வேறு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் ஒரு பகலில் அவள் மாமாவின் கடைக்கு வந்தாள். கழற்றிப்போட்ட ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் மேல ஊதா வெளிச்சம் அடிச்சா முள்ளு ஏறுது மாமா. அணைச்சா கொஞ்ச நேரத்துல இறங்கிடுது. ஐஸ் என்னவோ அதே சுத்தமான ஐஸ்தான். வெளிச்சம் பட்டா கரண்ட் கூடுதலா போகுது." பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னிக்கு நிஜமாவே எண்ணெய்தானா?"

மெக்கானிக்குக்கு ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது. குளிர் அறைச் சுவரில் கிருமி சாகட்டும் என்று ஒரு ஊதா விளக்கு உண்டு. மாட்டியதே அவர்தான். சோதனை நடக்கும்போது எரியக்கூடாது என்பது உத்தரவு. யோசித்துச் சொல்கிறேன் என்று பெண்ணை அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஐஸ்காரனுக்கு வயிற்றில் கட்டி, முற்றிப்போய்விட்டது. தண்ணீர் கொடுக்கக்கூடாது, நாக்கு காய்ந்தால் ஒரு ஐஸ் துண்டு வைக்கலாம், அவ்வளவுதான். தங்கை குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். நர்ஸ் வைத்த கிண்ணத்திலிருந்து மெக்கானிக் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்தார். அவன் வாயைத் திறந்தான். கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஊதா விளக்கு எரிஞ்சுதா, இல்லையா?"

"ஐஸ் வைங்க மச்சான்."

"முதல்ல விளக்கு."

ஐஸ் உருகிப் போர்வையில் சொட்டியது. அவன் நாக்கு உதட்டை நக்கிவிட்டு உள்ளே போனது. மெக்கானிக் அசையவில்லை. பதினான்கு வருஷம் காத்தவருக்கு ஒரு கரண்டி ஐஸ் உருகும் நேரம் பெரிசா? அது முழுக்கத் தண்ணீரானதும் தரையில் ஊற்றிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்து அதே இடத்தில் பிடித்தார்.

இரண்டாவது துண்டு பாதி உருகும்போது அவன் சொன்னான். விளக்கு எரிய எரிய ஐஸ் இன்னும் சுத்தமாகும் என்று நினைத்து, சோதனையின்போதும் எரியவிட்டானாம். கதவைத் திறக்கும் முன்னால் அணைத்துவிடுவானாம். நாலாம் நாள், மறந்துபோய் அணைத்தே வைத்திருந்தபோது முள் படுத்ததைப் பார்த்தானாம். டாக்டருக்குப் புரியாதது அவனுக்குப் புரிந்துவிட்டது. உத்தரவை மீறியது தெரிந்தால் வேலை போகும் என்பதும் புரிந்தது.

"தெரிஞ்சேதான் என்னைக் காட்டினியா?"

"தெரிஞ்சேதான்."

மெக்கானிக் துண்டை அவன் நாக்கில் வைத்தார். வெள்ளை வெளேரென்று கடை ஐஸ். அந்த நிலையிலும் அவன் முகத்தைச் சுளித்தான்.

நாலு மணிக்கு உன் பெண் வருவாள், இதையே அவளிடம் ஒரு தடவை சொல், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் மெக்கானிக். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதில் அவருக்கே எரிச்சல்.

ஐஸ்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாயில் கிடந்ததைக் கரையவிட்டான். சுவரில் மணி மூன்றே முக்கால்.

"அந்த ரூம்ல அவளுக்கு என் பேருதான் மரியாதை. அது போச்சுன்னா அவ அங்க எப்படி நிப்பா? உங்களுக்கு எப்படியும் எண்ணெய்க்கைன்னு பேர் ஆயிடுச்சு, பழகியும் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "அவ வந்து கேப்பா. உங்க கை எண்ணெய்தான்னு நீங்களே சொல்லிடுங்க மச்சான்."