நாளொன்றுக்கு இருநூற்றெழுபது மன்னிப்பு

கன்னத்துக்குள் ஒரு சித்தரத்தைத் துண்டை அதக்கிக்கொண்டுதான் டார்லின் ஹெட்செட்டை மாட்டுவாள். நேற்று இடது காது என்றால் இன்று வலது காது. “ஒரே காதுல மாட்டுனா ராவெல்லாம் உள்ள வண்டு இரையுது” என்பாள்.

அவள் வேலை பார்க்கும் கால் சென்டர் இருப்பது பாளையங்கோட்டை சமாதானபுரத்தில். பேர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! ஊரில் பழுதாகி நிற்கும் வாஷிங் மெஷின்களுக்கான வசவெல்லாம் அங்கேதான் வந்து இறங்குகிறது. அழைப்புக்கு மூன்று தடவை ‘மன்னிக்கவும்’ சொல்ல வேண்டும். குறைந்தால் மதிப்பெண் வெட்டு. நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு, ஆக இருநூற்றெழுபது. “கோயில்லகூட வாரத்துக்கு ஒருக்காதான் பாவ அறிக்கை. அதுவும் நான் செஞ்ச பாவத்துக்கு. இங்கன எவனோ மோட்டார ஒழுங்கா மாட்டாததுக்கு நான் கெடந்து மன்னிப்பு கேக்கேன்.”

கேட்டுக் கேட்டே தொண்டை புண்ணாகிவிட்டது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, பத்து நாள் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றார் டாக்டர். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவும் சொன்னார். குடித்தால் எழுந்து போக வேண்டும். போவதற்கு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் அனுமதி, தடவைக்கு ஏழு நிமிடம், கழிப்பறையோ கீழ்த்தளத்தில். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் தண்ணீரே குடிக்காதவராக இருக்க வேண்டும்.

டாக்டர் சீட்டை டீம் லீடர் கணேஷ்ராமிடம் நீட்டினாள். அவளைவிட ஆறு வயது இளையவன்.

“யக்கா, பேசாம இருக்கதுக்கா இங்கன சம்பளம் குடுக்காவ? பைய பேசுங்க, சரியாயிரும்.”

பையப் பேசினால் சத்தம் போதவில்லை என்று அதற்கும் மதிப்பெண் வெட்டுகிறவன் அவனேதான்.

வேறு வழியில்லாமல் வீட்டில் பேச்சை நிறுத்தினாள். மகள் ரீபா என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். “ஊரு பூரா பேசுத, எங்கூட மட்டும் பேச மாட்டுக்கியேம்மா” என்று பிள்ளை அழுதபோதும் வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த குரல் மறுநாள் வேலைக்கு வேண்டுமே! தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை வள்ளியூரிலிருந்து குற்றாலலிங்கம் என்ற பெரியவர் போன் போட்டார்.

“ஏம்மா, பதினோரு நாளா வேட்டிய கையால தொவைக்கேன். மெட்ராஸ்ல ஏசிக்குள்ள இருந்துக்கிட்டு மன்னிக்கவும் மன்னிக்கவும்னா அழுக்கு போயிருமா?”

இந்தா, பாளையங்கோட்டையில்தான் இருக்கிறேன் என்று சொல்லவும் தடை. மூன்றாவது ‘மன்னிக்கவும்’ பாதியில் நின்றது. வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. அழைப்பை அவளாகத் துண்டித்தால் வேலை போய்விடும்.

“ஹலோ! இருக்கியாம்மா, எந்திச்சுப் போயிட்டியா?” என்று வள்ளியூர்க்காரர் கத்தினார். கண்ணாடி அறையில் உட்கார்ந்து அழைப்புகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்து ஓடிவந்த கணேஷ்ராம், “பேசுங்க, பேசுங்க” என்று கையை ஆட்டினான்.

டார்லின் எழுந்தாள். ஹெட்செட்டைக் கழற்றி அவன் தலையில் மாட்டி, மைக்கை அவன் வாய்க்கு நேராக இழுத்துவிட்டாள்.