துடைக்க விடாத அறை

அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீலச் சட்டை மாட்டிய ஓர் அக்கா, சக்கரம் வைத்த இரண்டு வாளிகளை உருட்டிக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்தாள். ஒன்றில் மருந்துத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஆரம்பித்து, வாசலைப் பார்த்துத் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தை போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ, நிறுத்தும்மா! என்ன காரியம் பண்றே நீ?"

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. முடிச்சூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம் அவளை விட்டுவிட்டதே தவிர, அவள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. எங்கள் வீட்டில் எந்த நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்பதிலிருந்து அப்பாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் செய்வது என்பதுவரை அவள்தான் முடிவு செய்வாள். தாம்பரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் வெளியே கிளம்பினால், அவர் போன கையோடு பெருக்கவோ துடைக்கவோ கூடாது. அப்பா வேலைக்குப் போகிற சாதாரண நாளில்கூட, இந்நேரம் தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏறியிருப்பார் என்று தோன்றிய பிறகுதான் அம்மா துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். ஆள் போன உடனே வீட்டைக் கழுவிவிடுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆனால் எதிர்வீட்டு மாமாவைத் தூக்கிக்கொண்டு போன மறுநிமிஷம் அவர்கள் வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் விளக்காமலே எனக்கும் உடம்பு ஜில்லிட்டுப் போயிற்று. எங்கள் அப்பா உயிரோடு போயிருக்கிறார், இவள் அதற்குள் கழுவுகிறாளே!

அந்த அக்காவுக்கும் விஷயம் உடனே புரிந்துவிட்டது. மாப்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்கூட்லயும் அப்டித்தான். ஆனா இது ஆஸ்பத்திரிமா. ஆபரேசன் முட்ச்சி சாரு வர்சொல்லோ ரூமு சுத்தமா இருக்கணும். பெட்டத் தொடச்சி வேற பெட்ஷீட்டு போடணும். இல்லன்னா எனுக்குத்தான் திட்டு வியும்."

"அவன் நல்லபடியா திரும்பி வரட்டும். வந்தப்புறம் நாலு தடவை வேணா துடை. இப்போ ஒரு சொட்டுத் தண்ணி இங்க படக் கூடாது."

அந்த அக்கா வாளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பாதித் தரை ஈரமாகவும் பாதித் தரை காய்ந்தும் கிடந்தது. அத்தை ஈரத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் அந்த அக்கா மறுபடியும் வந்தாள், மறுபடியும் திருப்பி அனுப்பப்பட்டாள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் மேல்மாடியில், தியேட்டர் கதவுக்கு எதிரே, பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தால்தான் அத்தைக்கு மனசு ஆறும் போலிருந்தது. கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "தாப்பா போட்டுக்கோ. யார் வந்தாலும் தொறக்காதே. உங்கப்பா உசிரு இப்போ உன் கையிலதான் இருக்கு."

ஒன்பது வயதுக் குழந்தையிடம் இப்படிச் சொல்லலாமா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டேன். அது போதாது, பெட்ஷீட்டையும் எடுத்துவிடக் கூடாது என்று அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். ஸ்கூல் ஷூவைக் கழற்றவில்லை. திடீரென்று ஓட வேண்டியிருந்தால் வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் அப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். சித்தப்பா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதில், சாம்பார் கறை தலையணைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "பாப்பா, தொற கண்ணு. பத்து நிமிசத்துல முட்ச்சிர்றேன். அப்பாவுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன், தொறம்மா."

"நீங்க போங்க! இங்க வராதீங்க!" என்று கத்தினேன். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாளிச் சக்கரங்கள் தூரப் போகும் சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டேன்.

அத்தை திரும்பி வந்து கூப்பிட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது கூட வந்த நர்ஸுக்கு அதிர்ச்சி. பெட் ஏன் இன்னும் தயாராகவில்லை, ஹவுஸ்கீப்பிங்கில் யார் டியூட்டி என்று கேட்டாள். மயக்கம் தெளியாத மனிதரை எவ்வளவு நேரம் நடைபாதையில் வைத்திருக்க முடியும்? பழைய விரிப்பின் மேலேயே புதிய விரிப்பைப் போட்டு அப்பாவைத் தூக்கிக் கிடத்தினார்கள். வெளியே அந்த அக்காவுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. உடைத்த தேங்காய் மூடியோடு நின்ற அத்தை, என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொன்னாள்.

நாலாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. ஓரத்தில் லேசாக அழுத்தினார், அவ்வளவுதான். மஞ்சளாகச் சீழ் வந்தது. அப்பா அலறினார். அப்பா கத்தி நான் அதுவரை கேட்டதே இல்லை. பல்லிக்குக்கூடப் பயப்படாத என் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையலைப் பிரித்துப் புண்ணைத் திறந்து வைத்துத்தான் ஆற்ற வேண்டும், இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா பிழைப்பாரா என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் காது அடைத்துப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்தாள். நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். பின்னாலேயே அத்தையும் நானும் போனோம். ஆபரேஷன் அன்றைக்கு அறையைச் சுத்தமே செய்யவில்லை, அழுக்குப் படுக்கையில் கொண்டுவந்து போட்டீர்கள் என்று அம்மா கேட்டாள். அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையை மேனேஜர் வரவழைத்துப் பார்த்தார். துடைத்தவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அந்த நாளில் காலியாக இருந்தது. அந்த அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"இந்தம்மாதான் சார் உள்ள உடல. மூணு தபா வந்தேன் சார். கடசியா இந்த பாப்பா உள்ள தாப்பா போட்டுக்கிச்சு."

அம்மா திரும்பி அத்தையைப் பார்த்தாள். ஒரு பிள்ளை பொய் சொன்னால் மூச்சு விடுவதிலேயே கண்டுபிடித்துவிடுகிற அத்தை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "படிச்சவங்க சார் நாங்க. சுத்தம் பண்ணாதேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அந்த அக்கா என் முன்னால் குனிந்தாள். "நீயே சொல்லு கண்ணு. நான் வந்தேனா இல்லியா?"

"இந்த அக்கா வரவே இல்ல" என்றேன்.

மேனேஜர் அந்த இடத்திலேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

அத்தைக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றால் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். ஆனால் நான் பயப்படவில்லை. அன்று காலையிலேயே அத்தை என் காதில் காரணத்தைச் சொல்லியிருந்தாள். நாம் தடுப்பதற்குள் அவள் பாதி அறையைத் துடைத்துவிட்டாள் அல்லவா, அதனால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று. நான் அதை முழுசாக நம்பினேன். என் கணக்குப்படி, என் அப்பாவைக் கொல்லப் பார்த்தவள் அந்த அக்காதான். அவளுக்காக நான் எதற்கு உண்மை பேச வேண்டும்? புண் எதனால் சீழ் பிடித்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பது எனக்கு இப்போது தெரியும். ஷூக்காலோடு அந்தக் கட்டிலில் படுத்திருந்தது நான் என்பதும் தெரியும். அப்பா பல நாள் கிடந்து, பிழைத்து வீடு வந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சு வரும்போதெல்லாம், அங்கே துடைக்கிறவர்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

வேலை போன அன்று மதியம் அந்த அக்கா எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். நீலச் சட்டை இல்லை, பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"அப்பாக்கு ஜொரம் எறங்கிச்சா பாப்பா?"

"உங்களாலதான் எங்கப்பாவுக்கு இப்படி ஆச்சு!" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளிறிப் போயிற்று. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என் தலைக்கு மேலே எட்டி, கட்டிலில் கண்மூடிக் கிடந்த அப்பாவைப் பார்த்தாள்.

"சரி, கத்தாத கண்ணு. தூங்குறாரு பாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மாட்டிக்கொண்டதால்தான் பதில் பேச முடியாமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன். கேன்டீனில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் ஓடிப்போய், அந்த அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் அவள் போனதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சபாஷ் சொல்வாள் என்று காத்திருந்தேன். அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.