பூச்சாடித் தண்ணீரில் குடியிருந்தவர்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அழுக்கு என்றாலே ஆகாது. மேசையில் தூசியைப் பார்த்தால் கை பரபரக்கும். விடுமுறை முடிந்து வந்த அன்று, வகுப்பிலிருந்த பூச்சாடியில் தண்ணீர் பச்சையாகி நாறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டப் போனார்.

"டீச்சர், உள்ள யாராவது இருந்தா?" என்றாள் முன்வரிசை வாயாடி.

வகுப்பே சிரித்தது. டீச்சரை மட்டும் அந்தக் கேள்வி விடவில்லை. அலமாரியில் சும்மா கிடந்த மைக்ராஸ்கோப்பை எடுத்து, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். செருப்பு வடிவத்தில் ஏதோ ஒன்று, தலைபோகிற வேலை இருப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இது பூச்சியா டீச்சர்?"

"இல்லம்மா. செடியும் இல்ல. ஒரே ஒரு செல்லுதான் இதோட மொத்த உடம்பு. புரோட்டிஸ்ட்னு சொல்லுவாங்க."

"அப்ப இது?" வாயாடி, விடுமுறைக்கு முன் மறந்துவிட்டுப்போன கண்ணாடி டப்பாவை நீட்டினாள். உள்ளே ரொட்டிமேல் சாம்பல் நிறப் பஞ்சு.

"மூடியத் திறக்காத. அது பூஞ்சை, காளானுக்குச் சொந்தம். செடி மாதிரி தன் சாப்பாட்டத் தானே சமைச்சுக்கத் தெரியாது. ரொட்டியத் தின்னே வளருது."

அதன்பிறகு டீச்சர் வீட்டு ஜன்னலோரம், பச்சைத் தண்ணீரும் பூஞ்சையும் அடைத்து மூடிய பாட்டில்கள் பெருகின. "இந்த வீட்ல மனுசன் குடியிருக்கறதா வேணாமா?" என்று சலித்துக்கொண்டார் கணவர். ஒருநாள் அவரே தயங்கித் தயங்கி ஓர் ஆரஞ்சோடு வந்து நின்றார்.

"இதுல நீலமா ஏதோ முளைச்சிருக்கு. இது என்னன்னு பாரேன்."

"பூஞ்சைதான். என்ன பூஞ்சைன்னு எனக்கும் தெரியல," என்றார் டீச்சர் சந்தோஷமாக. "பாட்டில்ல போடுங்க. நாளைக்குப் பிள்ளைங்களோட பாக்கறேன்."