அது மூடுபனியின் ஈரமல்ல

இலங்கை மலையகத்தின் ஹல்துமுல்லையில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என் பழைய காரை நானேதான் பராமரிக்கிறேன். ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுக்காரர் செபமாலையும் என்னோடு தேவாலயத்துக்கு வருவார். தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர்.

சென்ற மழைக்காலத்தில் பிரேக் ஒயில் அடிக்கடி குறைந்தது. ஒவ்வொரு தடவையும் ஊற்றி நிரப்பினேன். பின்சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்ததை ஒருநாள் செபமாலை காட்டினார்.

"மாஸ்டர், ஒயில் கசியுது. கராஜுல காட்டுங்க."

"இந்தப் பனியில எதுதான் நனையல? ஒங்க மீசையுந்தான் நனைஞ்சிருக்கு. அதுவும் கசியுதா?" என்று கேலி செய்தேன்.

அடுத்த ஞாயிறு, இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரை அமுங்கியும் கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பள்ளத்தில் விழாமல் மலைப்பக்க மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். எனக்குக் கீறல்கூட இல்லை. செபமாலைக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

கேட்டவர்களிடமெல்லாம், "பிரேக் திடீரென்று போய்விட்டது" என்றேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சில நாட்களில் நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் சக்கரத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். வழவழத்தாலோ, பிரேக் ஒயில் குறைந்தாலோ, மெக்கானிக் வந்து பார்க்கும்வரை காரை எடுப்பதில்லை.

போன மாதம் பண்டாரவளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இடுப்பு வலி கொறைஞ்சிருச்சு மாஸ்டர். நான் சொன்னேன்னு நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே, அதுதான் வலிக்குது" என்றார்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: செபமாலை சொன்னார். நான்தான் கேட்கவில்லை.