கேட்டில் கட்டிய துண்டு

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார் என்றால், வீட்டுக் கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஓசூரில் எங்கள் பக்கம் முழுக்கக் கம்பெனி ஆட்கள். விருதுநகரில் இருந்து வந்தவர்கள், சேலத்தில் இருந்து வந்தவர்கள், எதிர்வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். பேச்சு ஆளுக்கு ஒன்றாக இருந்தாலும் துண்டு எல்லோருக்கும் புரியும். அதைப் பார்த்துவிட்டால் காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத் தாண்டிப் போவார். கூரியர்காரர் பெல் அடிக்காமல் போன் செய்வார். பிள்ளைகள் பந்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

அப்பா சிங்காரப்பேட்டைப் பக்கத்து ஆள். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தவர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இரவு வாரம் வந்தால் எங்கள் வீட்டில் பகல் கிடையாது. அம்மா குக்கர் வைக்க மாட்டார், பானையில் சோறு வடிப்பார். சட்னி அரைக்க ஜாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் போவார். டிவியில் படம் மட்டும் ஓடும். நான் ஒரே பிள்ளை. நடக்க ஆரம்பித்தபோதே குதிகால் தரையில் படாமல் நடந்தேனாம், அம்மா பெருமையாகச் சொல்வார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்முவேன். இப்போதும் அப்படித்தான் தும்முகிறேன்.

இப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் மதுரையில் ஒரு ஹாஸ்டலில் விட்டார்கள்.

கல்லூரி நல்ல கல்லூரிதான். நான் விரும்பிய படிப்பு அங்கேதான் கிடைத்தது. ஆனால் அந்தச் சத்தம்! காலையில் வாளி உருளும் சத்தத்தில் விடியும். குளியலறைக் கதவைத் தட்டுவதில்லை, இடிப்பார்கள். இந்த மாடியில் இருந்து எதிர் மாடிக்குப் பேசுவார்கள், போன் எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும். என் அறையில் நாலு பேர். அதில் கம்பத்தில் இருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் என்று ஆரம்பித்தால் மெஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்கும். எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. உள்ளுக்குள் ஒரு முழுச் சண்டை போட்டு முடித்துவிட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் விளக்குப் போட மாட்டேன், யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று. போன் வந்தால் வராந்தாவின் கடைசிக்குப் போய்விடுவேன். இதற்கெல்லாம் மேல் அந்தத் துண்டு. கம்பத்துக்காரி குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுவாள். கொடியில் என்றைக்கும் இடம் இருக்காது, அவளும்தான் என்ன செய்வாள்? அது ஈரத்துண்டு, காயப்போட்டிருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வகுப்பு முடிந்து வந்து அந்தத் துண்டைப் பார்த்ததும் கால் நின்றுவிடும். உள்ளே யாரோ தூங்குகிறார்கள், கதவைத் திறக்காதே என்று உடம்பு சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து வரலாம் என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச நேரம் என்பது சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நீளும். உள்ளே மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பது படி வரைக்கும் கேட்கும். எனக்கு அழுகையாக வரும்.

முதல் வருஷம் முடிவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த இடம் எனக்குச் சரிப்படாது என்று அப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

விடுமுறைக்குக் கிளம்பும்போது அறையில் யாரிடமும் சொல்லாமல் மொத்தச் சாமானையும் கட்டிக்கொண்டேன். விடியற்காலையில் பஸ் ஓசூரை நெருங்கி, குருபரப்பள்ளியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. பையில் இருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது. அந்த ஸ்வெட்டரை மதுரையில் ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லை.

ஓசூரிலேயே ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் இடம் இருப்பதாக அப்பா விசாரித்து வைத்திருந்தார். பாடத்தில் கொஞ்சம் வித்தியாசம் வரும், சமாளித்துக்கொள்ளலாம் என்றார்கள். பைக்கில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தைல மரங்கள், நிழல், ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய நூலகம். ஒருத்தரும் பேசவில்லை. எனக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துவிட்டது. திரும்பும் வழியில் அப்பா, “எப்படி கண்ணு, உனக்குப் புடிச்சிருக்குதா?” என்று நாலு முறையாவது கேட்டிருப்பார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் மதுரைக்குப் போனதில் இருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்வதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை, அப்பாவுக்கு நைட் ஷிப்டு வாரம். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அம்மா கேட்டில் துண்டைக் கட்டினார். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தள்ளும் சத்தம் கேட்டது. திரும்பினால் கம்பத்துக்காரி நிற்கிறாள்! ஒரு கையில் பை. இன்னொரு கையில் எங்கள் கேட்டுத் துண்டு, அழகாக மடித்து.

“கேட்டுல முடிச்சு லூசா கெடந்துச்சுடி. காத்துல பறந்துருமேன்னு அவுத்து எடுத்தாந்தேன்” என்றாள். அவளுக்கு அது மெதுவான குரல்தான்.

அம்மா உதட்டில் விரலை வைத்தார். நானும் வைத்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னாச்சு? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

பதில் சொல்வதற்குள் காய்கறி வண்டி வந்துவிட்டது. கேட்டில் துண்டு இல்லை. வண்டிக்காரர் எங்கள் வாசலிலேயே நிறுத்தி, பதிவு செய்து வைத்திருக்கும் குரலை முழுச் சத்தத்தில் வைத்தார். தக்காளி, வெங்காயம், அதையே கன்னடத்தில் ஈருள்ளி, தெலுங்கில் உல்லிபாய என்று மூன்று மொழியிலும் வீடு அதிர்ந்தது. உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“யாரு கண்ணு?”

“ரூம்மேட்டுப்பா.”

“வாம்மா, உக்காரு. ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?” என்றார்.

அம்மாதான் மெதுவாக விளக்கினார், துண்டு எதற்கு, வண்டி ஏன் நின்றது என்று. கம்பத்துக்காரி கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

“அடிப்பாவி! அப்ப நான் கதவுல துண்டு போட்டா நீ வெளிய போயி உக்காந்துக்கிட்டது இதுக்குத்தானா? எங்களயெல்லாம் ஒனக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சோம்! ரூம் மாத்திக் கேட்டுருப்பியோன்னு மூணு பேரும் பயந்துக்கிட்டுக் கெடந்தோம்.”

“உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கலைன்னு நான் நினைச்சன்” என்றேன்.

“அதான் ஒரு வார்த்தை சொல்லாம கட்டில காலி பண்ணிட்டு வந்தியாக்கும்? ஹாஸ்டல்ல ஒன் அட்ரஸ வாங்கிக்கிட்டு, பெங்களூருல அக்கா வீட்டுக்குப் போற வழியில எறங்கி வந்தேன், கேட்டுட்டுப் போலாம்னு. ஒரு வருசமா ஒரு துண்டுக்குப் பயந்துருக்கா பாருங்க இவ!”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தண்ணீர் வர, சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்குள், அதுவும் நைட் ஷிப்டு வாரத்தில். அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார். நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

அன்றைக்கு அவள் சாயங்காலம்வரை இருந்தாள். அம்மா துணிந்து குக்கரே வைத்தார். அவளை பெங்களூரு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, அப்பா ஷிப்டுக்குப் போக சீருடை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக வாசலில் நின்றிருந்தார். மடித்து வைத்த அந்தத் துண்டு கேட்டின் மேல் இருந்தது.

“நீ அங்க போனதுல இருந்து எனக்குப் பகல் தூக்கமே சரியா வரல கண்ணு” என்றார். “நீ பூனை மாதிரி நடப்ப. அது லேசா கேக்கும். பொண்ணு வீட்ல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டே தூங்கிடுவன். இப்ப ஒண்ணுமே கேக்கறதில்ல.”

இத்தனை வருஷமும் நான் நடப்பது அவருக்குக் கேட்கவே கேட்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“இங்கயே வந்துடறன்பா” என்றேன்.

அவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வந்தா எனக்கு சந்தோசம்தான். இல்லன்னு சொன்னா பொய். ஆனா ஒண்ணு. நீ இன்னைக்குச் சிரிச்ச பாரு, அந்தச் சத்தம் எனக்குப் புதுசா இருந்துச்சு. எம்பொண்ணு எப்படிச் சிரிப்பான்னு எனக்கே தெரியாம இருந்திருக்கறன்.”

கம்பெனி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னலில் இருந்து கையாட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண் மறைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். தைல மரங்கள் எனக்கு இன்னமும் பிடித்திருந்தன. அந்த நூலகத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். யாருக்கும் நான் அங்கே இருப்பதே தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது என்று நினைத்தபோது என்னை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. அப்பாவை நினைத்தால் போக மனம் வரவில்லை. அவர் சொன்னதை நினைத்தால் இருக்கவும் மனம் வரவில்லை. சாயங்காலம் அவர் எழுந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மதுரைக்கே போறன்பா” என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் ஒரு நிமிஷம் வாடியது. பிறகு எழுந்து போய், பரண் மேல் ஏற்றியிருந்த என் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

ஹாஸ்டலுக்குப் போனதும் நான் ஒரேயடியாக மாறிவிடவில்லை. விளக்குப் போட இப்போதும் கை தயங்கும். கம்பத்துக்காரி துண்டைக் கதவில் போடுவதை விட்டுவிட்டாள். கொடியில் இடம் பிடிக்க அவள் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அப்பாவிடம் இருந்து போன் வந்தது. நைட் ஷிப்டு வாரம், அவர் தூங்க வேண்டிய நேரம். பதறிப்போய் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

“என்னப்பா, தூங்கலையா?”

“தூக்கம் வரல கண்ணு. சும்மாதான் கூப்பிட்டன். அங்க யாரோ பேசிக்கிட்டிருந்தாங்களே, எங்க போயிட்டாங்க?”

“நான் வெளிய வந்துட்டன்பா. உள்ள ஒரே சத்தம்.”

“உள்ளயே போ” என்றார்.

உள்ளே போனேன். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன். மூன்று பேரும் என் வாளியை யார் உடைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், வாளி என்னுடையதாயிற்றே. கொஞ்ச நேரத்தில் போனில் இருந்து அப்பாவின் குறட்டை வந்தது.

கம்பத்துக்காரி சட்டென்று நிறுத்தி, உதட்டில் விரலை வைத்தாள். மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அறை எங்கள் வீடு மாதிரி ஆகிவிட்டது.

“ஏய், நிறுத்தாதீங்கடி” என்றேன். “பேசுங்க, அப்பா தூங்கறார்.”

என் குரல் எதிர் மாடிக்கே கேட்டிருக்கும். அப்பா எழுந்திருக்கவில்லை.