கேசட்டும் பென்சிலும்

அலுவலக விழாவின் வினாடி வினாவில், திரையில் ஒரு கேசட்டையும் ஒரு பென்சிலையும் காட்டி, "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். விநோதமான ஜோடி என்று இளவட்டங்கள் நிறைந்த அரங்கமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குவைத்துக்குப் போன அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அப்பா கேசட்டில் பேசி அனுப்புவார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில் டேப் ரெக்கார்டர் இருந்தது பண்ணை வீட்டில் மட்டும்தான். அவர்கள் உள்ளே போடுவார்கள். நாங்கள் வாசலில் நின்று கேட்க வேண்டும்.

"செல்வி, நீ பக்கத்துல இல்லாம சோறு எறங்கல" என்றது அப்பாவின் குரல்.

"மாணிக்கத்துக்கு வந்த காதலைப் பாரு! இன்னொரு தடவை போடுடா" என்றார் பண்ணையார். மறுபடி போட்டார்கள், மறுபடி சிரித்தார்கள். நடவு முடித்த சேற்றுக் காலோடு அம்மா தலைகுனிந்து நின்றாள்.

நாங்கள் மிதிக்கக் கூடாத அந்தக் கூடத்துக்குள் ஓடி, கேசட்டைப் பிடுங்கினேன். நாடா சிக்கி, முழம் முழமாக வெளியே வந்தது.

எங்கள் வீட்டில் பென்சில் பிடித்த முதல் ஆள் நான். அந்தப் பென்சிலைக் கேசட்டின் ஓட்டையில் விட்டு, அழுதுகொண்டே நாடாவைச் சுற்றினேன்.

"மெதுவா சுத்து பாப்பா. அப்பா இன்னும் பேசி முடிக்கல" என்றாள் அம்மா.

விடுப்பில் வந்த அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். அவர் திரும்பிப் போன அன்று, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேசட்டின் மீதியைக் கேட்டாள். என்னைக்கூட உள்ளே விடவில்லை.

"யாருக்குமே தெரியாதா?" என்றார் வினா கேட்டவர்.

இன்னொரு கூட்டம் சிரிப்பதற்கு அதை எடுத்துக் கொடுக்க நான் ஆளில்லை. கையைத் தூக்கவில்லை.