ஏழாவது கட்டத்துக்கு ஒரு மனு

போன திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கைபேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. நானும் மைதீனும் ஆறு வருடமாக விளையாடிவந்த விளையாட்டை, அதை நடத்தும் கம்பெனி வெள்ளிக்கிழமையோடு மூடுகிறதாம். 'இத்தனை நாள் நீங்கள் காட்டிய அன்புக்கு நன்றி' என்று நல்ல தமிழில் போட்டு, பக்கத்தில் ஓர் இதயப் படம் வேறு. வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறவன்கூட நேரில் வந்து சொல்லுவான். வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு திட்டவும் முடியவில்லை.

தோளில் கிடந்த ஈரத்துண்டால் வாயைத் துடைத்தேன். அந்த ஈர வாடை என்னை நேரே பள்ளிக்கூட நாட்களின் மைதீன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்பாசமுத்திரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு அவனுக்கு. சவுதியில் இருந்த அவன் வாப்பா, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். கேசட்டின் மேல் பத்தாயிரம் விளையாட்டு என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது ஐந்துதான். பேரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான் படுபாவி. (பத்தாயிரத்தையும் சரிபார்க்க உட்கார்ந்து, முந்நூறோடு எழுந்தவன் நான்.) ஆனால் அந்த ஐந்தில் ஒன்று படகு. நீல ஆறு நெளிந்து நெளிந்து வரும். முதல் நாள் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

மைதீனின் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, வீட்டுக்குப் பின்னால நெசமான ஆறு ஓடுது. அத ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கிய. இந்த டப்பாக்குள்ள என்னலே தண்ணி?"

"அதுல குளிச்சா சளி பிடிக்கும்மா. இதுல பிடிக்காது" என்றான் மைதீன்.

அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. அணைத்தால் மறுபடி முதல் கட்டம்தான். அதனால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டே பள்ளிக்கூடம் போவோம். அடாப்டர் தோசைக்கல்லாகச் சுடும். திட்டிக்கொண்டேதான் உம்மா அதன்மேல் ஈரத்துணி போடுவார். காயக் காய மாற்றுவார். ஓடுகிற கரண்டின் மேல் ஈரத்துணி! அன்று எங்களுக்கு அது காவல்.

ஒருநாள் படகை ஏழாவது கட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் உம்மா வாசலிலேயே நிற்கிறார். "கரண்டு போயிட்டுலே" என்றார், வீட்டில் திருட்டுப் போனதைச் சொல்வதுபோல.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டோ, தெருக்குழாயோ, யாருக்கு எது வேண்டுமென்றாலும் மனு என் கையெழுத்தில்தான் போகும். பாதிக்குப் பதிலும் வரும். அதனால் மனு எழுதினால் உலகம் கேட்கும் என்று முழுசாக நம்பியிருந்தேன். கோடு போட்ட தாளை எடுத்தேன்.

கரண்டு ஆபீஸில் லைன்மேன் அண்ணாச்சி அதை உரக்க வாசித்தார். "பொருள்: ஏழாவது கட்டம் அழிந்தது தொடர்பாக. எவம்லே இத எழுதுனது?"

கையைத் தூக்கினேன்.

"கட்டம்னா என்னது, கடையா?"

"படகு, அண்ணாச்சி."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கம்பி மாத்துத வேல நடக்கு. சனிக்கிழம மட்டும் நிப்பாட்ட மாட்டோம். அதுக்குள்ள முடிச்சிருங்கலே."

சனிக்கிழமை முடித்தோம். ஏழாவது கட்டத்துக்கு அப்பால் எதிரி இல்லை, பாறை இல்லை. கடல்தான். திரை முழுக்க நீலம். அடுப்படியிலிருந்து வந்த உம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். "அல்லாவே, இம்புட்டுத் தண்ணியா!"

பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன். பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கையில், கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு கார் விளையாட்டு. கண்ணாடியில் மழை விழுந்தபோது துடைக்கக் கை நீட்டி, பக்கத்து ஆளிடம் கேலி வாங்கினேன். ஆனால் அந்தக் கடல் அந்தக் கடல்தான்.

மைதீனும் வாப்பா வழியில் சவுதிக்கே போனான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும், இப்போது மூடப்போகிற இந்த விளையாட்டில் அன்றைக்குச் சந்திப்போம். எங்கள் ஆற்றையே கட்டினோம். பாபநாசம் அணை அவன், அம்பாசமுத்திரம் பாலம் நான். உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உம்மாவின் அந்தப் பழைய வீட்டைக் கட்டினான். முன்னறையில் ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் ஈரத்துணிக்காக ஒரு வெள்ளைக் கட்டை. நிஜ வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அவன் வந்துபோக அந்த ஒரு வீடுதான் இருந்தது.

திங்கட்கிழமையே கம்பெனிக்கு மனு எழுதினேன், இரண்டு பக்கம். விளையாட்டை நடத்திக்கொண்டே இருங்கள் என்று கேட்கவில்லை. நாங்கள் கட்டியதன் நகலை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அனுப்பிய நொடியிலேயே பதில்: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.' இரண்டு பக்கத்தை ஒரு நொடியில் எந்த மனுஷன் வாசிப்பான்? நீங்களே சொல்லுங்கள். நான்கு நாளில் நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அதே வரி. படித்துவிட்டுச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் திரையில் அந்த வீட்டுக்குள் நின்றோம்.

"துணி காஞ்சிருக்கும்லே" என்றான் மைதீன். வெள்ளைக் கட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தான்.

கை எடுப்பதற்குள் திரை கறுத்தது. அணை, பாலம், வீடு எல்லாம் போயிற்று. போனில் அவன் குரல் மட்டும் மிச்சம்.

"லே, அவங்க ஆபீஸ் எங்கன இருக்குன்னு பாரு. ரெண்டு பேருமா போய் கேட்டுட்டு வருவோம்."

அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை தேடினேன். நன்றி இருந்தது. இதயம் இருந்தது. முகவரி இல்லை.